பம்பாய்ச் சந்தையின் சமண வணிகர் பிரேம்சந்த் ராய்சந்த்

திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி, செய்யாறு, ஆரணி வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து பிழைப்பை நாடியும் மக்களின் கல்வியை நாடியும் சென்னைக்கு வந்த நம்மவருள் பலர், தாம்பரத்திலும் அதனைச் சூழ்ந்த சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் முதலிய பகுதிகளிலும் குடியமர்ந்தனர். உழவும் ஆசிரியப் பணியும் அரசு அலுவலுமே நாம் நன்கறிந்த தொழில்கள். இன்று நம் இல்லங்களில் வணிகவியலும் கணக்கியலும் பயிலும் பிள்ளைகள், முதலீட்டு வங்கித் துறையில் சேர விரும்புவதாகக் கூறுகின்றனர். அதனைக் கேட்கும் பெற்றோர் உள்ளத்தில் இரண்டு ஐயங்கள் எழுகின்றன. அத்துறைக்குள் நுழையும் வாயில் எது என்பது ஒன்று. பொருளைப் பெருக்குவதையே தொழிலாகக் கொண்ட ஒரு துறை சிராவக அறத்தோடு பொருந்துமா என்பது மற்றொன்று.

இவ்விரண்டு ஐயங்களையும் ஒருங்கே வைத்து ஆராய்வதற்கு ஏற்றது, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மறைந்த சமண வணிகர் பிரேம்சந்த் ராய்சந்த் அவர்களின் வாழ்க்கை. அவர் குசராத்துச் சுவேதாம்பர மரபினர். நாம் தமிழகத்துத் திகம்பர மரபினர். எனினும் இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தும் இரு மரபினர்க்கும் பொது. அவருடைய உயர்வும் வீழ்ச்சியும் மீட்சியும் அவ்விரதங்களின் ஒளியில் நாம் கற்க வேண்டிய பாடங்களாக அமைந்துள்ளன.

முதலீட்டு வங்கி என்பது நாம் சேமிப்புக் கணக்கு வைத்துள்ள வங்கியைப் போன்றதன்று. தொழில் தொடங்கவோ விரிவாக்கவோ மூலதனம் வேண்டி நிற்கும் நிறுவனத்தையும், கையில் பொருள் உள்ள மக்களையும் இணைப்பது அதன் பணி. நிறுவனத்தின் கணக்குகளை ஆராய்ந்து, அதன் மதிப்பைக் கணித்து, பங்குகளை இன்ன விலைக்கு வெளியிடலாம் என்று அறிவுரை கூறி, உண்மை நிலையை விளக்கும் ஆவணத்தை அணியம் செய்து மக்கள்முன் வைப்பது அப்பணியின் உள்ளீடு. நிறுவனங்கள் இணையும்போதும் கைமாறும்போதும் இடைநின்று பேசுவதும் அதனுள் அடங்கும். இப்பெயர் நம் நாட்டில் வழங்குவதற்கு நெடுங்காலம் முன்னரே இப்பணியைப் பம்பாயில் செய்தவர் பிரேம்சந்த்.

இளமையும் பயிற்சியும்

பிரேம்சந்த் 1831-ஆம் ஆண்டு சூரத்து நகரில் பிறந்தார். தந்தையார் ராய்சந்த் தீப்சந்த் ஒரு வணிகர். தாயார் பெயர் ராஜாபாய். முகலாயர் காலத்தில் மேற்குக் கடற்கரையின் தலைமைத் துறைமுகமாக விளங்கிய சூரத்து, அக்காலத்தில் தன் சிறப்பை இழந்து வந்தது. வணிகம் பம்பாய்க்கு இடம்பெயர்ந்தது. வணிகர் குடும்பங்களும் அதனைப் பின்தொடர்ந்தன. ராய்சந்தின் குடும்பமும் அவ்வாறே பம்பாய்க்கு வந்தது. அங்கே சிறுவர் பிரேம்சந்த் ஆங்கிலக் கல்வி பெற்றார்.

அக்காலத்துப் பம்பாயில் பங்கு வணிகம் என்பது மிகச் சிறியது. சில வங்கிகளின் பங்குகளும் அரசுக் கடன் பத்திரங்களும் மட்டுமே கைமாறின. விரல்விட்டு எண்ணத்தக்க தரகர்கள் நகர மண்டபத்தின் அருகே ஆலமர நிழலில் கூடிப் பேசி வணிகம் முடித்தனர். அவர்களுக்கெனக் கட்டடமோ எழுதப்பட்ட விதிமுறையோ இல்லை. சொன்ன சொல்லே ஒப்பந்தமாக இருந்தது.

1849-ஆம் ஆண்டளவில், பதினெட்டு வயதில், பிரேம்சந்த் இரத்தன்சந்த் லாலா என்னும் தேர்ந்த தரகரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். பங்குகளை வாங்குவோரிலும் விற்போரிலும் பலர் ஆங்கிலேயர். வங்கி மேலாளர்களும் ஆங்கிலேயர். அவர்களோடு நேர்நின்று பேசவும் கடிதம் எழுதவும் பிரேம்சந்துக்கு இருந்த ஆங்கில அறிவு ஆசானின் தொழிலுக்குப் பெருந்துணையாயிற்று. ஆங்கிலம் பேசவும் படிக்கவும் எழுதவும் வல்ல முதல் இந்தியப் பங்குத் தரகர் அவரே என்று சந்தையின் வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது.

இங்கு நாம் நின்று நோக்க வேண்டியது ஒன்றுண்டு. பிரேம்சந்த் பெருமூலதனத்தோடு தொழிலில் இறங்கியவர் அல்லர். மூன்று பொருள்களே அவருடைய முதல். வல்லவர் ஒருவரின் கீழ் அமர்ந்து பணியாற்றும் பணிவு முதலாவது. அத்தொழிலுக்குத் தேவையானதும் பிறரிடம் இல்லாததுமான ஒரு திறன் இரண்டாவது. கணக்கையும் பேச்சையும் பிறழாமல் நினைவில் கொள்ளும் ஒழுங்கு மூன்றாவது. இம்மூன்றின் வலிமையால் ஆசானின் நம்பிக்கையைப் பெற்ற அவர், காலப்போக்கில் தாமே தனித்து நிற்கும் தரகராக உயர்ந்தார்.

பருத்தியால் வந்த பெருக்கம்

1857-இல் இயற்றப்பட்ட நிறுவனச் சட்டம், பங்குதாரரின் பொறுப்பு அவர் செலுத்த வேண்டிய தொகையளவில் நின்றுவிடும் என்னும் வரையறுத்த பொறுப்பு முறையை இந்தியாவுக்குக் கொணர்ந்தது. 1860-இல் அது வங்கிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. புதிய நிறுவனங்கள் தோன்ற வழி திறந்தது. அவற்றுக்கு வேண்டிய பொருளை விரைவில் கொணர்ந்தது தொலைதூரத்தில் மூண்ட ஒரு போர்.

1861-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிற்று. தென்மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டமையால் இங்கிலாந்தின் லங்காசயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி செல்வது தடைப்பட்டது. ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின. பருத்தியின் விலை பன்மடங்கு ஏறியது. கப்பல்கள் பருத்தியைச் சுமந்து சென்றன. வெள்ளியும் பொன்னும் பம்பாய்க்கு வந்து குவிந்தன.

லிவர்பூல் சந்தையின் விலையை எவர் முதலில் அறிகிறாரோ அவருக்கே ஆதாயம் என்பதை பிரேம்சந்த் உணர்ந்திருந்தார். அஞ்சல் கப்பல் துறைமுகத்தை அடையும் முன்னரே சிறு படகுகளை எதிர்கொள்ள அனுப்பி அவர் செய்தி பெற்றார் என்பர். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதுக்குள் அவர் பருத்தி வணிகத்திலும் பங்கு வணிகத்திலும் பம்பாயின் முடிசூடா மன்னராக விளங்கினார்.

குவிந்த செல்வம் போக்கிடம் தேடியது. வங்கிகள், நிதிக் கழகங்கள், கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிறுவனங்கள் எனப் புதியவை நாள்தோறும் முளைத்தன. அவற்றை உருவாக்குவோரும் பங்குகளைப் பகிர்ந்தளிப்போரும் முதலில் நாடியது பிரேம்சந்தின் ஒப்புதலையே. அவர் பெயர் ஒரு நிறுவனத்தோடு சேர்ந்தவுடன் அதன் பங்கு விலை ஏறிற்று. ஏசியாடிக் பேங்கிங் கார்ப்பரேஷன் என்னும் வங்கியை நடத்தும் பெருவிசையாக அவர் இருந்தார். பேக் பே நிலமீட்பு நிறுவனத்தில் 5,000 ரூபாய் செலுத்தப்பட்ட ஒரு பங்கு 25,000 ரூபாய்க்கும் மேற்பட்ட கூடுதல் விலைக்குக் கைமாறியது. தூர்க்கப்பட வேண்டிய நிலமோ அப்போதும் கடலுக்கடியில் கிடந்தது.

இதுவரை திறனால் வந்த உயர்வு. இதற்குமேல் நிகழ்ந்தவற்றில் அளவு தவறியது.

எல்லை கடந்த இடம்

1840-இல் தோன்றிய பம்பாய் வங்கி அரசின் பங்கும் பொதுமக்களின் நம்பிக்கையும் பெற்றது. பங்குகளை ஈடாகக் கொண்டு கடன் வழங்கக் கூடாது என்னும் பழைய கட்டுப்பாடு 1863-ஆம் ஆண்டின் சட்டத்தால் தளர்த்தப்பட்டது. பங்கு வாங்கக் கடன்; வாங்கிய பங்கை ஈடுவைத்து மேலும் கடன் என்னும் சுழற்சி தொடங்கிற்று. அவ்வங்கியின் அலுவலரிடம் பிரேம்சந்துக்கு இருந்த செல்வாக்கு அளவிறந்தது. அவர் பரிந்துரைத்தவர்க்குப் போதிய ஈடின்றியும் கடன் வழங்கப்பட்டது. பின்னர் அரசு அமைத்த விசாரணைக் குழு இதனைக் கடுமையாகக் கண்டித்தது.

1865 ஏப்பிரலில் அமெரிக்கப் போர் முடிந்தது. அமெரிக்கப் பருத்தி மீண்டும் வரும் என்னும் செய்தி எட்டியவுடன் விலை சரிந்தது. பின்னாளில் கொடுத்து வாங்குவதாகச் செய்த பங்கு ஒப்பந்தங்கள் பலவும் 1865 ஜூலை 1 அன்று முடிக்கப்பட வேண்டியவை. அந்நாள் வந்தபோது பொருள் கொடுப்பார் எவரும் இல்லை. ஒருவர் வீழ, அவரை நம்பியவர் வீழ, வரிசையாகப் பெருவணிகர்கள் நொடித்தனர். 2,850 ரூபாய் வரை ஏறியிருந்த பம்பாய் வங்கியின் பங்கு 87 ரூபாய்க்கு இறங்கியதாகச் சந்தை வரலாறு கூறுகிறது. பேக் பே நிறுவனமும் ஏசியாடிக் வங்கியும் அழிந்தன. 1868-இல் பம்பாய் வங்கியும் மூடப்பட்டு, அதே பெயரில் புதிய வங்கி ஒன்று தொடங்கப்பட்டது. அப்புதிய வங்கியே 1921-இல் சென்னை, வங்காள வங்கிகளோடு இணைந்து இம்பீரியல் வங்கியாகி, 1955-இல் பாரத ஸ்டேட் வங்கியாயிற்று.

பிரேம்சந்தும் வீழ்ந்தார். கோடிக்கணக்கான கடனுக்கு ஆளாகித் தம் உடைமைகளைக் கடன் கொடுத்தோர் பொருட்டு ஒப்படைத்தார். அவர் பெயரை நம்பிப் பங்கு வாங்கிய எளியோர் பலர் வாழ்நாள் சேமிப்பை இழந்தனர். இதனை மறைத்து அவரை வாழ்த்துவது வாய்மையாகாது.

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் பொருள் வரைதல் ஒன்று. இவ்வளவே எனக்குப் போதும் என ஒருவர் தம் பொருளுக்குத் தாமே எல்லை வகுத்துக்கொள்வது அது. பொருள் ஈட்டுவதை அவ்விரதம் தடுப்பதில்லை. எல்லையின்றி ஈட்டுவதையே தடுக்கிறது. 1864-ஆம் ஆண்டின் பம்பாயில் எல்லை என்பது எவரிடமும் இல்லை. தம் பொருளுக்கும் பிறர் பொருளுக்கும் இடையிலிருந்த வரம்பும் அதனாலேயே அழிந்தது. பொருள் வரைதல் தவறிய இடத்தில் கள்ளாமையும் வாய்மையும் நிலைகுலையத் தொடங்கும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

கொடுத்தது நின்றது

பெருக்கம் உச்சத்தில் இருந்த 1864-இல் பிரேம்சந்த் பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்கு நூலகம் அமைக்க இரண்டு இலட்சம் ரூபாயும், அதனோடு தாயார் பெயரால் மணிக்கூண்டு எழுப்ப மேலும் இரண்டு இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1866-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு இலட்சம் ரூபாய் அளித்தார். அகமதாபாத்தில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி அவர் பெயரால் விளங்கியது.

மணிக்கூண்டின் வரைபடத்தை இங்கிலாந்துக் கட்டடக் கலைஞர் கில்பர்ட் ஸ்காட் இந்தியாவுக்கு வராமலேயே வரைந்தனுப்பினார். 1869-இல் தொடங்கிய பணி 1878 நவம்பரில் நிறைவுற்றது. ஏறத்தாழ 280 அடி உயரமுள்ள அந்த ராஜாபாய் கோபுரம் இன்றும் பம்பாயின் அடையாளங்களுள் ஒன்று. அன்னை ராஜாபாய் கண்பார்வை இழந்தவர் என்றும், கதிரவன் மறையும் முன் உண்ணும் விரதத்தை வழுவாது போற்றியவர் என்றும், பிறர் துணையின்றி அவர் மாலைப் பொழுதை அறிந்துகொள்ளவே மகன் மணிக்கூண்டு எழுப்பினார் என்றும் செவிவழிச் செய்தி உண்டு. இராவுண்ணாமையை இன்றும் போற்றிவரும் நம் இல்லத்து மூதாட்டியரை நினைப்போர்க்கு இச்செய்தி நெஞ்சை நெகிழ்விப்பதாகும்.

கல்கத்தாவில் அவர் நிறுவிய பிரேம்சந்த் ராய்சந்த் உதவித்தொகை, இந்திய அறிஞர் உலகின் உயரிய சிறப்புகளுள் ஒன்றாயிற்று. ஆசுதோஷ் முகர்ஜி, வரலாற்றறிஞர் யதுநாத் சர்க்கார், இயற்பியலறிஞர் மேகநாத சாகா ஆகியோர் அதனைப் பெற்றவர்கள். அவர் குவித்த பங்குகள் யாவும் மதிப்பிழந்தன. கல்வியின் பொருட்டுக் கொடுத்தவை மட்டும் நிலைத்தன. நால்வகைத் தானங்களுள் சாத்திர தானத்தை நம் முன்னோர் ஏன் சிறப்பித்தனர் என்பது இதனால் விளங்கும்.

மீண்டெழுந்த நாற்பது ஆண்டுகள்

வீழ்ந்தபோது பிரேம்சந்துக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டியிருந்தது. ஊரைவிட்டு அவர் ஓடவில்லை. மீண்டும் தரகராகத் தொழிலைத் தொடங்கி, பழைய பெருஞ்செல்வத்தை எட்டாவிடினும் மதிப்போடு வாழ்ந்தார்.

ஆலமர நிழலிலிருந்து இடம்மாறி இடம்மாறி அலைந்த தரகர்கள் 1874-இல் இன்று தலால் தெரு எனப்படும் இடத்தை அடைந்தனர். 1875 ஜூலை 9 அன்று உள்நாட்டுப் பங்குத் தரகர் சங்கம் அமைக்கப்பட்டது. 318 பேர், ஒரு ரூபாய் நுழைவுக் கட்டணம் செலுத்தி உறுப்பினராயினர். அதனை நிறுவியோருள் முதன்மையானவராகப் பிரேம்சந்த் போற்றப்படுகிறார். அச்சங்கமே பம்பாய்ப் பங்குச் சந்தை. வரம்பின்மையால் விளைந்த அழிவைத் தம் வாழ்விலேயே கண்டவர், உறுப்பினரைக் கட்டுப்படுத்தும் அமைப்பு ஒன்று தோன்றத் துணைநின்றார். 1906-ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

அதே 1906-ஆம் ஆண்டு அக்டோபரில் நம் சென்னையும் இத்தகைய துயரைக் கண்டது. அர்புத்நட் என்னும் பெருநிறுவனம் நொடித்து, அதனிடம் சேமிப்பை ஒப்படைத்திருந்த தென்னாட்டுக் குடும்பங்கள் பல நலிந்தன. அதன் தலைவர் சிறைத்தண்டனை பெற்றார். அத்துயரிலிருந்தே வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. 1920-இல் சென்னைப் பங்குச் சந்தையும் தோன்றியது. 1931 முதல் மின்தொடர்வண்டி ஓடும் தாம்பரம் – கடற்கரைத் தடத்தின் மறுமுனையில், ஜார்ஜ் டவுன் பகுதியிலேயே இவ்வரலாறு நிகழ்ந்தது.

நம் பிள்ளைகளுக்கு

பிரேம்சந்த் தொழில் தொடங்கிய முறை இன்றும் மாறவில்லை, பெயர்களே மாறியுள்ளன. அவர் இரத்தன்சந்த் லாலாவிடம் பெற்ற பயிற்சியை ஒத்தது, பட்டயக் கணக்காளர் படிப்பில் மூத்த கணக்காளரின் கீழ் இப்போது இரண்டாண்டுகள் பெறும் செய்முறைப் பயிற்சி. வணிகவியல் பட்டத்தோடு இப்படிப்பையோ, மேலாண்மைப் பட்டத்தையோ, சி.எஃப்.ஏ. தேர்வையோ முடித்தவர்க்கு முதலீட்டு வங்கித் துறை வாயில் திறக்கிறது. செபி நிறுவிய என்.ஐ.எஸ்.எம். நிறுவனம் இத்துறைக்குரிய சான்றிதழ்த் தேர்வுகளை நடத்துகிறது. கணக்கு ஏட்டைப் படித்து நிறுவனத்தின் மதிப்பைக் கணிக்கும் திறன் இன்று பிரேம்சந்தின் ஆங்கிலத்துக்கு இணையானது. பங்கு வெளியிடும் நிறுவனங்களின் விளக்க ஆவணங்களைச் செபியின் இணையத்தளத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். பயிலும்போதே திங்களுக்கு ஓர் ஆவணத்தை முழுதும் படித்து, அந்நிறுவனம் எவ்வாறு பொருள் ஈட்டுகிறது, எவ்வளவு கடன்பட்டுள்ளது, திரட்டும் பணத்தை எதற்குச் செலவிடும் என்று தன் சொற்களில் எழுதிப் பழகும் பிள்ளை, நேர்காணலில் தயங்க வேண்டியதில்லை.

கைப்பேசியில் அன்றாடம் பங்கு ஊகம் செய்வது முதலீட்டு வங்கிப் பணியும் அன்று. அதற்குப் பயிற்சியும் அன்று. முன்பேர ஊக வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுமூவர் மூன்று நிதியாண்டுகளில் நட்டமே அடைந்ததாகச் செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. 1865 ஜூலையின் பாடமும் அதுவே.

பிரேம்சந்த் படகு அனுப்பிச் செய்தி பெற்ற காலம் வேறு. நிறுவனத்தின் வெளிவராத உட்செய்தியைக் கொண்டு பங்கு வாங்குவதும், அதனை உறவினர்க்குச் சொல்வதும் இன்று குற்றம். இத்துறையில் பணியாற்றும் பிள்ளையிடம் எப்பங்கை வாங்கலாம் என்று கேட்டு அவரை இடர்ப்படுத்தாதிருப்பது குடும்பத்தாரின் கடமை.

இவை தொழிலின் வாயில்கள். இரண்டாம் ஐயத்துக்கு விடை, அணுவிரதத்தில் உள்ளது. பிறர் பொருளைக் கையாளும் தொழில் எதுவும் அறத்துக்குப் புறம்பன்று. எல்லையற்ற ஆசையோடு அதனைக் கையாள்வதே புறம்பு. வேலையில் சேரும் முன், முதல் ஊதியம் கைக்கு வரும் முன், தனக்குப் போதிய அளவு எது, அதற்கு மேற்பட்டது எத்தானத்துக்கு உரியது என்பதைப் பிள்ளை பெற்றோர் முன்னிலையில் எழுதி வைத்தல் நன்று. ஊதியம் மிக்கபின் அவ்வெல்லையை வகுப்பது அரிது. இத்திருநாளில் ஜினாலயத்தில் விரதம் ஏற்கும் குடும்பங்கள், தொழில் தொடங்கும் தம் மக்களுக்குப் பொருள் வரைதலையும் அன்றே எடுத்துக் கூறுவார்களாக.

வளர்க ஜினதர்மம்!